தம்போரா: எஞ்சிய சொற்கள்

1816-ஆம் வருஷத்துக் கோடையை இலக்கிய சரித்திரம் நன்கு அறியும். ஜெனீவா ஏரிக்கரையில் ஓயாத மழை. பைரனும் ஷெல்லியும், பின்னால் ஷெல்லியின் மனைவியான மேரியும் வீட்டுக்குள் அடைபட்டுப் பேய்க்கதை எழுதிப் பார்க்கிறார்கள். அதிலிருந்து 1818-ல் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' வருகிறது. சூரியன் அணைந்துபோன உலகத்தைப் பற்றி பைரன் ஒரு கவிதை எழுதுகிறார். அந்த வானிலைக்குக் காரணம் முந்தைய வருஷம் கிழக்கிந்தியத் தீவுகளில் வெடித்த எரிமலை என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெரிய வந்தது. இன்று இந்தத் தொடர்பு விமர்சனத்தில் சர்வசாதாரணம். எனக்கு இதில் ஓர் ஆட்சேபம் உண்டு. இப்படிச் சொல்லிச் சொல்லியே தம்போரா ஓர் ஆங்கில நாவலின் அடிக்குறிப்பாகிவிட்டது.

தம்போரா இருப்பது ஸும்பாவா தீவில். அதற்குத் தெற்கே கடலடியில் இந்திய-ஆஸ்திரேலியப் பாளம் வடக்கு நோக்கி நகர்ந்து பூமிக்குள் அமிழ்கிறது. அமிழும் பாறை தன்னோடு கொண்டுபோன நீரை ஆழத்தில் விடுகிறது. நீர் கலந்ததும் மேலுள்ள பாறையின் உருகுநிலை குறைந்து அது குழம்பாகிறது. எரிமலை என்றதும் நாம் நெருப்பைத்தான் நினைக்கிறோம். இங்கே தொடக்கத்தில் இருப்பது நீர். குழம்பு மேலேறி மலைக்கடியில் தேங்குகிறது. அதில் கரைந்திருக்கும் வாயுக்கள் பிரிந்து திமிறும்போது மலை தாங்குவதில்லை.

1815 ஏப்ரல் 5-ல் முதல் வெடிப்பு. பீரங்கிச் சத்தம் என்று எண்ணி, தூரத்து ஜாவாவில் யோக்யகர்த்தாவிலிருந்து துருப்புகள் கிளம்பின. ஏப்ரல் 10 மாலை பெருவெடிப்பு. சுமார் 4,300 மீட்டர் என்று கணிக்கப்படும் மலையில் 2,850 மீட்டர்தான் மிஞ்சியது. உச்சி இருந்த இடத்தில் 6 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம். கொதிக்கும் சாம்பலும் வாயுவும் சரிவில் பாய்ந்து தம்போரா, பேகாத் என்ற இரண்டு சிற்றரசுகளை இல்லாமல் ஆக்கின. தப்பிய சங்கார் அரசர், மூன்று நெருப்புத் தூண்கள் எழுந்து உயரத்தில் ஒன்றாகக் கலந்ததை ஆங்கிலேய அதிகாரி ஃபிலிப்ஸிடம் விவரித்தார். அந்த அரசரின் மகள் ஒருத்தியே பட்டினியில் இறந்தாள். வயல்களைச் சாம்பல் மூடியது. வெடிப்பில் மாண்டவர்களைவிடப் பஞ்சத்திலும் நோயிலும் மாண்டவர்கள் பல மடங்கு. மலை கக்கிய கந்தகம் வானத்தின் மேலடுக்கில் திரையாகப் பரவி வெயிலை மறைத்தது. மறுவருஷம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பயிர் பொய்த்தது.

தம்போரா மக்களுக்கென்று ஒரு மொழி இருந்தது. அது அவர்களோடு போயிற்று. அப்போது ஜாவாவை ஆண்ட ராஃபிள்ஸ் 1817-ல் வெளியிட்ட ஜாவா சரித்திரத்தின் பின்னிணைப்பில், பல தீவு மொழிகளை ஒப்பிடும் அட்டவணையில், அம்மொழிச் சொற்கள் ஐம்பதுக்கும் குறைவாக இருக்கின்றன. எண்கள், உடலுறுப்புகள், நீர், நெருப்பு. வாக்கியம் ஒன்றுகூட இல்லை. இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு 2007-ல் மார்க் டோனஹ்யூ என்ற மொழியியலாளர், இது சுற்றியுள்ள ஆஸ்ட்ரோனேசிய மொழிகளின் இனத்தைச் சேர்ந்ததல்ல என்ற முடிவுக்கு வந்தார். 2004-ல் சாம்பலுக்கடியில் ஒரு வீட்டைத் தோண்டியெடுத்தார்கள். கருகிய மரம், பாத்திரங்கள், இருவருடைய எலும்புகள். அந்தப் பாத்திரங்களை அவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று சொல்ல அட்டவணையில் இடமில்லை.

ஒரு மொழியின் கதைகளும் வசவுகளும் தாலாட்டும் ஒரே வாரத்தில் அழிவதென்பது எழுதுகிறவர்களுக்கு மற்ற எந்தச் சேதத்தையும்விட நெருக்கமான சேதம். ஆனாலும் எழுத்தாளர்களாகிய நாம்தான் இதை விட்டுவிட்டு ஜெனீவாவுக்குப் போய்விடுகிறோம். ஒரு நூலைப் பிறப்பித்ததாலேயே அழிவுக்கு அர்த்தம் கிடைத்துவிட்டதாகத் திருப்தியடைவது விமர்சனத்தின் சுகமான பழக்கம். ராஃபிள்ஸின் அட்டவணை நிர்வாகத்துக்கும் ஆராய்ச்சிக்குமாகச் செய்யப்பட்டது. அதில் கலை எதுவும் இல்லை. எனினும் 1815 பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றிலும் செத்தவர்களின் வாய்ச்சொல் அந்த ஒரு பத்தியில்தான் இருக்கிறது. அதையும் இலக்கியம் படிப்பதுபோல் நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.