கென் கீசி: 75 டாலரில் தொடங்கிய கதை

ஹிப்பி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? நீண்ட முடி, பூப்போட்ட சட்டை, கையில் கிடார், கண்ணில் போதை. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு விதை போட்டவர்களில் ஒருவர், பால் வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்து, கல்லூரியில் மல்யுத்தம் செய்த ஒரு கட்டுமஸ்தான ஆள். அவருடைய முதல் எல்.எஸ்.டி.க்குச் செலவு செய்தது யார் தெரியுமா? சாட்சாத் அமெரிக்க அரசாங்கம்!

அவர் பெயர் கென் கீசி. 1935-ல் கொலராடோவில் பிறந்து ஒரேகானில் வளர்ந்தவர். 1958-ல் எழுத்துப் பயிற்சிக்காக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் போனார். பக்கத்தில் மென்லோ பார்க் என்ற ஊரில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி. அங்கே சில மருந்துகளைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடினார்கள். ஒரு நாளைக்கு 75 டாலர். கல்யாணமான, பணமில்லாத மாணவனுக்கு அது பெரிய தொகை. கீசி போனார்.

அங்கே கொடுத்தவற்றில் ஒன்று எல்.எஸ்.டி. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனியில் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-ல் தயாரித்து, 1943-ல்தான் அதன் விளைவைக் கண்டுபிடித்த ரசாயனம். இந்தச் சோதனைகளுக்குப் பின்னால் சி.ஐ.ஏ.வின் பணம் இருந்தது கீசிக்கு அப்போது தெரியாது. மனித மனதைக் கட்டுப்படுத்த முடியுமா என்று பார்க்க 1953-ல் ஆரம்பித்த ரகசியத் திட்டம் அது. பெயர் எம்.கே.அல்ட்ரா.

அதே ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் கீசி இரவு நேர உதவியாளராகவும் வேலை பார்த்தார். ராத்திரி முழுக்க நோயாளிகளோடு பேச்சு. இவர்கள் உண்மையிலேயே பைத்தியங்களா, இல்லை ஊர் போட்ட அளவுக்குள் அடங்காதவர்களா என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. அந்தச் சந்தேகம்தான் 1962-ல் வெளிவந்த 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' நாவல். ஒரு நர்ஸின் சட்டதிட்டங்களுக்கும் அடங்க மறுக்கும் ஒரு நோயாளிக்கும் நடக்கும் சண்டை. 1975-ல் படமாகி ஐந்து ஆஸ்கர் வாங்கியது. (கீசிக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. தயாரிப்பாளர்கள் மேல் கேஸ் போட்டார்!)

புத்தகத்தில் வந்த பணத்தை என்ன செய்தார்? 1939-ம் வருட மாடல் பள்ளிப் பேருந்து ஒன்று வாங்கி, கண்ட கண்ட கலரையும் அடித்து, 1964 ஜூனில் நண்பர் பட்டாளத்தோடு கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க் கிளம்பிவிட்டார். டிரைவர் நீல் கஸாடி, ஜாக் கெருவாக்கின் 'ஆன் தி ரோட்' நாவலில் நாயகனாக வரும் அதே ஆசாமி. திரும்பி வந்த பிறகு 'ஆசிட் டெஸ்ட்' என்ற பெயரில் விருந்துகள். கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு அங்கேதான் வாசித்து வளர்ந்தது. அப்போது எல்.எஸ்.டி.க்குத் தடை கிடையாது. 1966 அக்டோபரில்தான் கலிஃபோர்னியா தடை செய்தது.

கேட்க ஜாலியாக இருக்கிறது இல்லையா? நான் காமர்ஸ் படிப்பவன். வரவு எழுதினால் எதிர்ப்பக்கம் பற்றும் எழுத வேண்டும்.

முதலில் அரசாங்கத்தின் கணக்கு. 1953-ல் ஃப்ராங்க் ஓல்சன் என்ற விஞ்ஞானிக்கு, அவருக்கே தெரியாமல், சி.ஐ.ஏ. ஆட்கள் மதுவில் எல்.எஸ்.டி. கலந்து கொடுத்தார்கள். சில நாட்களில் நியூயார்க் ஹோட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். குடும்பத்துக்கு உண்மை தெரிய 22 வருடம் ஆனது. 1973-ல் சி.ஐ.ஏ. தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் இந்தத் திட்டத்தின் கோப்புகளை அழிக்கச் சொன்னார். அழித்தார்கள். ஆனாலும் 1977-ல் சுமார் 20,000 ஆவணங்கள் கிடைத்தன. எப்படி என்கிறீர்களா? அவை செலவுக் கணக்குக் கோப்புகள்! வேறு கட்டடத்தில் இருந்ததால் தப்பித்தன. கணக்குப்பிள்ளை வேலையைக் கேலி செய்யும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும் :) பணம் 44 கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்குப் போயிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

அடுத்து கீசி பக்கத்துக் கணக்கு. 1966 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் நடந்த ஆசிட் டெஸ்டில், குளிர்பானத்தில் எல்.எஸ்.டி. கலந்திருப்பது தெரியாமலே சிலர் குடித்தார்கள். கஞ்சா வழக்குக்குப் பயந்து கீசி அப்போது மெக்சிகோவில் ஒளிந்திருந்தார். ஆனால் விருந்து அவர் ஆரம்பித்தது, நடத்தியது அவர் குழு. ஓல்சனுக்கு நடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒருவர் வேவு பார்க்கக் கொடுத்தார், இன்னொருவர் விடுதலை என்று சொல்லிக் கொடுத்தார். குடித்தவனிடம் இரண்டு பேருமே கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்தக் காலத்தின் மிகப்பெரிய பற்று இதுதான். போதையை விட, கேட்காமல் கொடுத்தது.

கீசி 1967-ல் சில மாதம் சிறையில் இருந்துவிட்டு, ஒரேகானில் பண்ணை வீட்டோடு ஒதுங்கினார். கஸாடி 1968-ல் மெக்சிகோவில் ரயில் பாதை ஓரம் விழுந்து கிடந்து இறந்தார். வயது 41. கீசியின் மகன் ஜெட், அப்பாவைப் போலவே கல்லூரி மல்யுத்த வீரர், 1984-ல் அணியின் வேன் விபத்தில் போனார். பிறகு அந்த அணிக்குப் பாதுகாப்பான பேருந்து ஒன்றை கீசியே வாங்கிக் கொடுத்தார். கலர் பேருந்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது பேருந்துதான் பெரிதாகத் தெரிகிறது.

2001 நவம்பர் 10-ல் கீசி இறந்தார். 2020-ல் அதே ஒரேகான் மக்கள், போதைக் காளானில் உள்ள சைலோசைபினைப் பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் எடுத்துக்கொள்ள அனுமதித்து வாக்களித்தார்கள். அங்கே இப்போது முதலில் பேசி விளக்குகிறார்கள், சம்மதக் கையெழுத்து வாங்குகிறார்கள், அதன் பிறகுதான் கொடுக்கிறார்கள். சி.ஐ.ஏ.வும் கீசி கூட்டமும் விட்டுவிட்ட ஒரு கையெழுத்து. அதைக் கணக்கில் ஏற்ற இவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது.