நோயெதிர்ப்புச் செல்களில் வளர்சிதைமாற்றமும் அழற்சியும்

நோயெதிர்ப்புச் செல்கள் சர்க்கரையையும் கொழுப்பையும் சிதைக்கும் விதம் அழற்சியை எப்படிக் கிளப்புகிறது, எப்படித் தணிக்கிறது என்பதை ஆராய்வது நோயெதிர்ப்பு வளர்சிதைமாற்றத் துறை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு மைட்டோகாண்ட்ரியா வழியாக முழுமையாகச் சிதைந்தால் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஏறத்தாழ 30 கிடைக்கும். சர்க்கரைச் சிதைவின் முதல் கட்டமான கிளைக்கோலிசிஸோடு நின்று லாக்டேட்டாக வெளியேறினால் 2 மட்டுமே. ஆயினும் பாக்டீரியா உறையின் எல்பிஎஸ் பட்டவுடன், ஆக்சிஜன் தாராளமாக இருந்தும், எலியின் பெருவிழுங்கிச் செல்கள் இந்த நட்டக் கணக்குக்கே மாறுகின்றன. புற்றுத்திசுவில் இதே போக்கை 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டிருந்தார். வேகமும், புதிய புரதங்களுக்கான மூலப்பொருளும் இதனால் கிடைக்கின்றன என்பது வழக்கமான விளக்கம். அது சரிதான், ஆனால் போதாது. இடைவிளைபொருள்களே கட்டளைகளாகவும் செயல்படுகின்றன.

இதற்கு வலுவான சான்று, சிட்ரிக் அமிலச் சுழற்சியின் இடைவிளைபொருளான சக்சினேட். லூக் ஓ'நீல் குழு 2013இல் காட்டியபடி, எல்பிஎஸ் பட்ட பெருவிழுங்கியில் சக்சினேட் தேங்குகிறது. எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா புரதத்தை அழிவுக்குக் குறியிடும் நொதிகளை அது முடக்குகிறது. நிலைத்துவிட்ட அப்புரதம் ஐஎல்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தின் உற்பத்தியைப் பெருக்குகிறது. அதே செல் இட்டகோனேட்டையும் தயாரிக்கிறது. இது சக்சினேட்டைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது, கீப்-1 புரதத்துடன் பிணைந்து, அழற்சியைத் தணிக்கும் என்ஆர்எஃப்-2வை விடுவிக்கிறது. ஒரே சுழற்சியிலிருந்து தூண்டுவதும் தணிப்பதும் பிறப்பதை ஆற்றல் தேவை என்ற ஒரே காரணத்தால் விளக்க முடியாது.

மறுப்புகள் உண்டு. இச்சோதனைகளில் கிளைக்கோலிசிஸைத் தடுக்கப் பயன்படும் 2-டிஆக்சிகுளுக்கோஸ் பிற வினைகளையும் குலைக்கிறது. வளர்ப்பு ஊடகம் உடல் திசுவைப் போன்றதன்று. மனிதப் பெருவிழுங்கிகளில் இம்மாற்றம் எலியில் போல அத்தனை தெளிவாக இல்லை. முதல் இரண்டுக்கும் மரபணு நீக்கச் சோதனை பதிலளிக்கிறது: இட்டகோனேட்டைத் தயாரிக்கும் இர்க்-1 மரபணு இல்லாத எலிகளுக்குக் காசநோய் தொற்றினால், நுரையீரலில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் குவிந்து அந்த எலிகள் விரைவில் இறக்கின்றன. மூன்றாவது மறுப்பு நியாயமானது. எலியில் கண்ட அளவுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது. எனினும் இவ்வழி மனிதரில் அடைபட்டதாகவும் கொள்ள முடியாது. சிட்ரிக் அமிலச் சுழற்சியின் ஃபியூமரேட்டிலிருந்து உருவாக்கப்பட்ட டைமெத்தில் ஃபியூமரேட்டும் கீப்-1 மீதே செயல்படுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சிகிச்சைக்கு அது 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.