மலிவு விலைத் தனிவீடு (கொங்கு நாடு)

மலிவு விலைத் தனிவீடு என்பது, முதன்முறையாகச் சொந்த வீடு வாங்கும் அல்லது கட்டும் நடுத்தர, கீழ்நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்காகச் சிறிய மனையில் குறைந்த செலவில் அமைக்கப்படும் வீட்டைக் குறிக்கும். கொங்கு நாட்டில், குறிப்பாகக் கோயம்புத்தூரில் இருந்து துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் சாலையை ஒட்டிய மனைப்பிரிவுகளில் இவ்வகை வீடுகள் பெருமளவில் காணப்படுகின்றன. இவற்றின் கட்டுமானத்தில் அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. வாங்குபவர் விரும்பிக் கேட்கும் கூறுகளையும், கட்டடத்தின் உறுதிக்குத் தேவையான கூறுகளையும் ஒரே சிறிய தொகைக்குள் நிறைவு செய்ய வேண்டியுள்ளது. முன்னவை கண்ணுக்குத் தெரிபவை. பின்னவை பெரும்பாலும் மண்ணுக்குள்ளும் பூச்சுக்குள்ளும் மறைந்துவிடுபவை.

அளவைகள்

கொங்கு வட்டாரத்தில் மனையின் பரப்பு சென்ட் கணக்கில் கூறப்படுகின்றது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி ஆகும். கட்டடத்தின் பரப்பு சதுர அடியிலும், கொத்தனார்களிடையே 100 சதுர அடியைக் குறிக்கும் "சதுரம்" என்னும் அளவிலும் கணக்கிடப்படுகின்றது. இரண்டு அல்லது மூன்று சென்ட் மனையில் ஒரு கூடம், சமையலறை, ஒன்று அல்லது இரண்டு படுக்கையறைகள் கொண்ட வீடே இவ்வகையின் பொது வடிவம் எனலாம்.

அரசுத் திட்டங்கள் இதனினும் சிறிய அளவுகளை வரையறுத்துள்ளன. 2015 இல் தொடங்கப்பட்ட பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 30 சதுர மீட்டர் வரையிலும், குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு 60 சதுர மீட்டர் வரையிலும் உட்பரப்பை வகுத்தது. தமிழ்நாடு அரசு 2024 இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஊரக வீட்டின் பரப்பு 360 சதுர அடி, உதவித்தொகை 3.5 இலட்சம் ரூபாய் ஆகும்.

வரலாற்றுப் பின்னணி

பழைய கொங்கு வீடுகளில் தோட்டத்துச் சாளை, ஓட்டு வீடு, வசதி படைத்தோரின் தொட்டிக்கட்டு வீடு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்த பின்னர் கோயம்புத்தூர்ப் பகுதியில் பஞ்சாலைகள் பெருகின. தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக அமைந்த ஒற்றையறை "லைன் வீடு"களில் வாடகைக்குக் குடியிருந்தன. 1934 இல் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை தொடங்கப்பட்டது. காலப்போக்கில் சுண்ணாம்புக் காரையின் இடத்தைச் சிமெண்ட் பிடித்துக்கொண்டது. ஓட்டுக் கூரையின் இடத்தைத் தார்சு எனப்படும் கான்கிரீட் கூரை பிடித்துக்கொண்டது. லைன் வீட்டில் இருந்து தார்சு வீட்டுக்குச் செல்வது ஒரு குடும்பத்தின் சமூக உயர்வின் அடையாளமாகவும் கருதப்பட்டது.

கட்டும் முறைகள்

இவ்வகை வீடுகள் பொதுவாக மூன்று வழிகளில் கட்டப்படுகின்றன.

* கூலி ஒப்பந்தம்: உரிமையாளர் பொருட்களை வாங்கித் தருவார், மேஸ்திரி ஆட்களைக் கொண்டு வேலையை முடித்துத் தருவார்.
* முழு ஒப்பந்தம்: பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என விலை பேசப்படும்.
* கட்டிய வீடு: சிறு கட்டுநர் ஒருவர் மனை வாங்கி, வீட்டைக் கட்டி முடித்து விற்பார்.

முதல் முறையில் பொருளின் தரம் உரிமையாளரின் கையில் உள்ளது. மூன்றாம் முறையில் வாங்குபவர் பெரும்பாலும் முடிந்த கட்டடத்தையே காண்கின்றார். அடித்தளம், கம்பி வேலை ஆகியவை அப்போது மூடப்பட்டிருக்கும்.

வாங்குபவரின் விருப்பங்கள்

கிழக்கு அல்லது வடக்கு வாசல், வாஸ்துப்படி அமைந்த சமையலறை, பூசையறை, தேக்கு நிலைக்கதவு, பளபளப்பான தரை ஓடுகள், அழகிய முகப்பு, வண்டி நிறுத்துமிடம் ஆகியவை பரவலாக எதிர்பார்க்கப்படுகின்றன. பின்னாளில் மேல்தளம் கட்டி வாடகைக்கு விட வசதியாக வெளிப்புறப் படிக்கட்டும் கேட்கப்படுகின்றது.

இவ்விருப்பங்கள் யாவும் வீண் ஆடம்பரம் அல்ல. வாசல் திசை சரியில்லாத வீட்டை மறுபடி விற்பது கடினம். மேல்தள வாடகை, கடன் தவணையைக் கட்ட உதவும் வருவாய் ஆகும். துவைக்கும் கல்லுக்கு இடம், தரைத்தொட்டி, சமையலறைக்குக் காற்றோட்டம் ஆகியவை அன்றாடத் தேவைகள். எனவே விருப்பங்களைப் புறக்கணித்து வடிவமைக்கப்படும் வீடு, பொறியியல் நோக்கில் சிறந்ததாயினும் விலை போவதில்லை. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் பணியாற்றிய கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917–2007), பூச்சில்லாத செங்கல் சுவர், எலிப்பொறிக் கட்டு ஆகியவற்றால் செலவைக் குறைத்துக் காட்டினார். ஆயினும் பூசாத சுவரை "முடிக்காத வீடு" எனக் கருதும் வழக்கம் தமிழ்நாட்டில் வலுவாக உள்ளது.

மறைந்திருக்கும் தரக் கூறுகள்

அடித்தளம்

கொங்கு நாட்டில் செம்மண்ணும் கரிசல் மண்ணும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும். செம்மண் நிலத்துக்குப் போதுமான ஆழம் கரிசலுக்குப் போதாது. பக்கத்து மனையில் தோண்டிய ஆழத்தையே பின்பற்றும் வழக்கத்தினால் சுவர்களில் சாய்வான வெடிப்புகள் தோன்றுகின்றன.

கான்கிரீட்

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456:2000 பின்வருவனவற்றை வகுத்துள்ளது.

* வலுவூட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்20 தரம்.
* கடுமை மிகக் குறைந்த (mild) சூழலில் ஒரு கன மீட்டருக்குக் குறைந்தது 300 கிலோ சிமெண்ட்.
* அதே சூழலில் நீர்–சிமெண்ட் விகிதம் 0.55 இற்கு மிகாமை. அதாவது, மணலின் ஈரத்தையும் சேர்த்து 50 கிலோ மூட்டைக்கு 27.5 லிட்டர்.
* சாதாரண சிமெண்டாயின் குறைந்தது 7 நாட்களும், உலர்சாம்பல் கலந்த சிமெண்டாயினும் வறண்ட வெப்பநிலையிலும் குறைந்தது 10 நாட்களும் நீராற்றுதல்.

கலவை எளிதாகப் பாய்வதற்காக வேலையிடத்தில் தண்ணீரைக் கூட்டுவதே மிகப் பரவலான தவறாகும். இதனால் கான்கிரீட்டில் நுண்துளைகள் பெருகி, ஈரம் கம்பியை அடைந்து துரு ஏற்படுகின்றது. துருப்பிடித்த கம்பி பருத்துக் கூரையின் அடிப்பூச்சை உடைத்துத் தள்ளும். கம்பிக்கும் அடிப்பலகைக்கும் இடையில் 20 மில்லிமீட்டர் இடைவெளி தரும் கவர் பிளாக்குகள் மிக மலிவானவை. எனினும் அவசரத்தில் ஜல்லித்துண்டுகளை வைத்துவிடுவது உண்டு.

செங்கல்லும் மணலும்

கோயம்புத்தூருக்கு நெடுங்காலம் செங்கல் வழங்கிய தடாகம் பள்ளத்தாக்குச் சூளைகள், செம்மண் அகழ்வு தொடர்பான வழக்கைத் தொடர்ந்து 2021 இல் மூடப்பட்டன. ஆற்றுமணல் தட்டுப்பாட்டினால் எம்-சாண்டு எனப்படும் நொறுக்குமணல் பொதுவழக்கானது. இதன் பயன்பாட்டை ஐ.எஸ். 383:2016 ஏற்கின்றது. நன்கு கழுவித் தரம்பிரித்த எம்-சாண்டு ஏற்றதே. கல்குவாரித் துகளை அப்பெயரில் விற்பதே கேடானது. செங்கல்லின் தரத்தை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். உலர்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணிநேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் எடைபோட்டால், சாதாரணக் கல்லின் எடை 20 விழுக்காட்டிற்கு மேல் கூடக்கூடாது.

நிலநடுக்கமும் மழையும்

1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டது. ஐ.எஸ். 1893 தரத்தின் 2002, 2016 பதிப்புகளில் இப்பகுதி மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. சுமைதாங்கும் சுவர் வீடுகளில், சன்னல், கதவுகளின் மேல் மட்டும் லிண்டல் வைக்காமல், சுவர் முழுதும் சுற்றிவரும் கான்கிரீட் பட்டையாக அமைப்பது இதற்கான எளிய காப்பாகும். இதற்குக் கூடுதல் செலவு உண்டு. வீட்டைப் பார்க்க வருபவருக்கோ பூச்சின் பின் அது தெரிவதில்லை.

மேட்டுப்பாளையம் நீலகிரி அடிவாரத்தில் அமைந்திருப்பதால், சரிவான மனைகளில் வடகிழக்குப் பருவமழை நீரை வெளியேற்றுவது இன்றியமையாதது. 2019 டிசம்பர் 2 அதிகாலையில், கனமழையின்போது மேட்டுப்பாளையம் நடூரில் தனியார் வீடொன்றின் உயரமான சுற்றுச்சுவர் அருகிலிருந்த சிறு வீடுகளின்மீது சரிந்து விழுந்ததில், உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் உயிரிழந்தனர். ஒரு சிறு வீட்டின் பாதுகாப்பு அவ்வீட்டின் சுவர்களை மட்டும் சார்ந்ததன்று, அடுத்த மனையின் கட்டுமானத்தையும் சார்ந்தது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. மண்ணைத் தாங்கி நிற்கும் சுவராயின் அதற்கு உரிய தடிமனும், நீர் வடியும் துளைகளும் தேவை.

தரம் பின்தங்குவதற்கான காரணம்

விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், நல்ல பொருளுக்கு உரிய விலை கிடைக்காமல் அது சந்தையை விட்டே விலகும் எனப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970 இல் விளக்கினார். பழைய மகிழுந்துகளை எடுத்துக்காட்டாகக் கொண்ட இக்கருத்து வீடுகளுக்கும் பொருந்தும். இரு வீடுகள் ஒன்றுபோல் தோன்றும்போது, பத்து நாட்கள் நீராற்றிய கட்டுநர் அதற்காக உயர்ந்த விலை கேட்க இயலாது. அதே தொகைக்குத் தேக்குக் கதவு வைத்தவரின் வீடு விரைவில் விற்கும். வீட்டுக்கடனைத் தவணைகளாக விடுவிக்கும் வங்கியின் பார்வையும், வேலை எவ்வளவு முடிந்துள்ளது என்பதை மதிப்பிடுவதே அன்றி முழுமையான தரச்சோதனை அன்று.

சட்டப் பாதுகாப்பு

அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 இல் தடை விதித்தது. அதனைத் தொடர்ந்து 2017 இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியாயின. இதன்பின் நகர் ஊரமைப்பு இயக்கக அனுமதி உள்ளதா எனக் கேட்பது வாங்குபவரிடையே வழக்கமாயிற்று. ஆயினும் அவ்வனுமதி மனைப்பிரிவுக்கு உரியது. அது கட்டடத்தின் உறுதிக்குச் சான்றாகாது.

2016 ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளில் இருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளைக் கட்டுநர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். ஆனால் நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 12.4 சென்ட்டுக்கு மிகாத திட்டங்களுக்குப் பதிவில் இருந்து விலக்கு உண்டு. ஒன்றிரண்டு மனைகளில் கட்டி விற்கப்படும் வீடுகள் பலவும் இவ்விலக்கில் அடங்கிவிடுகின்றன. அந்நிலையில், வீடு கட்டித்தருவதைச் சேவையாக வரையறுக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பயன்படும்.

2024 சூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையை அறிமுகப்படுத்தியது. இதன்படி 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். இது காலத்தையும் அலைச்சலையும் குறைக்கின்றது. அதேவேளை, சரிபார்க்கும் பொறுப்பின் பெரும்பகுதியை உரிமையாளரிடமே விடுகின்றது.

சமநிலை காணும் வழிகள்

பின்னர் மாற்றக்கூடியவற்றைப் பின்னர் செய்வதும், மாற்ற முடியாதவற்றை முதலிலேயே சரியாகச் செய்வதும் இதற்கான பொதுக் கொள்கை எனலாம். தரை ஓடு, அலமாரி, முகப்பு, வண்ணப்பூச்சு ஆகியவற்றைப் பத்து ஆண்டுகள் கழித்தும் மாற்றலாம். அடித்தளத்தையும் கூரைக் கம்பியையும் அவ்வாறு மாற்ற இயலாது. சென்னையில் உலக வங்கி உதவியுடன் 1977 இல் தொடங்கிய மனையும் அடிப்படை வசதிகளும் வழங்கும் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற இடங்களில் குடும்பங்கள் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக வீட்டை விரிவாக்கின.

நடைமுறையில் பின்வருவன பரிந்துரைக்கப்படுகின்றன.

* தரத்தைக் குறைப்பதற்குப் பதிலாகப் பரப்பைக் குறைத்தல்; மூலைகள் குறைந்த செவ்வக வடிவைத் தெரிவு செய்தல்.
* மேல்தளம் கட்டும் எண்ணம் இருப்பின், அதன் சுமையையும் சேர்த்து அடித்தளத்தை அமைத்தல்.
* ஒப்பந்தத்தில் சதுர அடி விலையுடன் சிமெண்ட், கம்பி, கலவை விகிதம், நீராற்றும் நாட்கள் ஆகியவற்றையும் எழுதுதல்.
* அடித்தளம் மூடும் முன்னரும், கூரைக் கான்கிரீட் இடும் முன்னரும் தொடர்பில்லாத ஒரு கட்டடப் பொறியாளரைக் கொண்டு பார்வையிட்டு ஒளிப்படம் எடுத்தல்.
* இறுதித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் முடியும் வரை நிறுத்தி வைத்தல்.

கட்டிய வீட்டை விற்பவரும் இவ்வொளிப்படங்களையும் சோதனை முடிவுகளையும் பேணி வாங்குபவருக்குக் காட்டலாம். மறைந்திருக்கும் தரம் அப்போது கண்ணுக்குத் தெரியும் கூறாக மாறுகின்றது. அதற்கு விலை கேட்கவும் இயல்கின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* கோயம்புத்தூர் மாவட்டம்
* தொட்டிக்கட்டு வீடு
* வலுவூட்டிய கான்கிரீட்
* லாரி பேக்கர்