ஓசூர் எல்லையில் விநியோக ஓட்டுநர்களின் பணிப் பாதுகாப்பு

ஓசூரை அடுத்த ஜூஜூவாடி, பெங்களூரு நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர். அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. இடையே சில நிமிடப் பயணம்தான். சட்டம் மட்டும் மாறிவிடுகிறது.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநரின் வேலைநேரத்தைப் பொதுவாக நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. செயலி வழியே உணவும் பொருளும் கொண்டு செல்வோரை நிறுவனங்கள் ஊழியர் என்று ஏற்பதில்லை; ‘கூட்டாளி’ என்கின்றன. எனவே அந்த வரம்பு இவர்களுக்கு எட்டவில்லை. இவர்களுக்கான அளவுகோலே வேறு: கொண்டு சேர்க்க எடுத்த நேரம், மறுத்த ஆர்டர்கள், வாடிக்கையாளர் தரும் நட்சத்திரங்கள். இவற்றில் சரிந்தால் ‘ஐ.டி.’ முடக்கப்படலாம். அன்றோடு வருமானமும் நின்றுவிடும். பள்ளியில் ஒரு மாணவனை நீக்குவதென்றால்கூடப் பெற்றோரை அழைத்துப் பேசுவோம்!

தமிழ்நாடு 2023 டிசம்பரில் இத்தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியம் அமைத்தது. விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி போன்றவை அதன்வழிக் கிடைக்கும். ஆனால் ஐ.டி. முடக்கத்தை அது தடுப்பதில்லை.

கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டமோ அதைத்தான் தொடுகிறது. ஒருவரை நீக்குமுன் எழுத்தில் காரணம் காட்டி 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். மதிப்பிடும் முறையையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அத்திப்பள்ளியில் வண்டி ஓட்டுபவருக்கு உள்ள இந்த உரிமை ஜூஜூவாடியில் ஓட்டுபவருக்கு இல்லை.