அரியணைப் போரும் ஒரு தந்தையின் அச்சமும்

எர்ணாவூருக்குத் தெற்கே சிறிது தொலைவில் திருவொற்றியூர்ச் சிவன் கோயில் இருக்கிறது. இரண்டாம் இராசாதிராச சோழன் தன் ஒன்பதாம் ஆட்சியாண்டில், பங்குனி உத்திரத் திருவிழாவின்போது, அக்கோயில் மண்டபத்தில் அமர்ந்து சுந்தரர் வரலாற்றைக் கேட்டான் என்று அங்குள்ள கல்வெட்டு ஒன்று கூறுகிறது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், இதே தொண்டை மண்டலத்தில், அம்மன்னனுக்கு அடங்கிய சிற்றரசர் ஒருவர் பெருங்கலக்கத்தில் இருந்தார். எதிரிலிசோழச் சம்புவராயர் என்பது அவர் பெயர்.

அக்கலக்கத்தின் காரணம் மதுரையில் இருந்தது. பாண்டிய அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் போரிட்டனர். பராக்கிரமன் இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) துணையை வேண்டினான். ஆனால் அப்படை வந்து சேருமுன்பே அவன் கொல்லப்பட்டான். எனினும் இலங்கைத் தண்டநாயகன் இலங்காபுரன் கடல் கடந்து வந்து, இறந்தவனின் மகன் வீரபாண்டியனை அரியணையில் ஏற்றினான். குலசேகரன் சோழரிடம் அடைக்கலம் புகுந்தான். இவ்வாறு ஒரு குடும்பத்தின் பூசல் மூன்று நாடுகளின் போராயிற்று.

சோழர் பக்கம் போரிட்டவை பெரும்பாலும் சிற்றரசர்களின் படைகளே. தொண்டி, பாசி ஆகிய ஊர்ப் பகுதிகளில் நடந்த போரால் சோழ நாட்டு மக்கள் அஞ்சி நடுங்கினர் என்று காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கம் கல்வெட்டு கூறுகிறது. சம்புவராயரின் மகன் பல்லவராயர் அப்போரில் ஈடுபட்டிருந்தார். தந்தை என்ன செய்வார்? உமாபதிதேவர் என்னும் ஞானசிவதேவரை அணுகி முறையிட்டார். அவர் 28 நாட்கள் இடைவிடாது சிவபூசை செய்தார். பிறகு, இலங்கைத் தண்டநாயகர்கள் தோற்று ஓடினர் என்ற செய்தி வந்தது. மகிழ்ந்த சம்புவராயர் ஆர்ப்பாக்கம் என்னும் ஊரையே அவருக்குக் காணிக்கையாக்கினார்.

மன்னர்களின் மெய்க்கீர்த்திகள் வெற்றியை மட்டுமே பேசும். இக்கல்வெட்டோ வெற்றிக்கு முன்னிருந்த அச்சத்தையும் மறைக்காமல் சொல்கிறது. இதன் அருமை அதுதான்.

இதற்குப் பின் நடந்தது இன்னும் வியப்பானது. சோழர் துணையால் மதுரையைப் பெற்ற குலசேகரன், பின்னர் இலங்கை வேந்தனுடனேயே உறவு கொண்டான். உடனே சோழர் அவனைக் கைவிட்டு, முன்பு எவனை எதிர்த்தார்களோ அந்த வீரபாண்டியனையே மதுரையில் அமர்த்தினர். இதனைத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அரசர்கள் நண்பனையும் பகைவனையும் இடம் மாற்றிக்கொண்டனர். களத்தில் மாண்டவர்கள் திரும்பி வரவில்லை.

இங்கிலாந்திலும் இத்தகைய வரலாறு உண்டு. 1455-இல் லங்காஸ்டர், யார்க் என்னும் இரு அரசக் கிளைகளுக்கிடையே ரோசாப்பூப் போர்கள் தொடங்கின. வேல்ஸ் மரபில் வந்த ஜாஸ்பர் டியூடர் என்னும் பிரபு, லங்காஸ்டர் கட்சி வீழ்ந்தபோது தம் அண்ணன் மகன் ஹென்றியை அழைத்துக்கொண்டு பிரிட்டனிக்குத் தப்பினார். 14 ஆண்டுகள் கழித்து, 1485-இல், இருவரும் வேல்ஸ் கரையில் இறங்கினர். பாஸ்வர்த் களத்தில் வென்ற ஹென்றி, ஏழாம் ஹென்றி என்ற பெயருடன் முடிசூடினான். முடி அவனுக்கு, அதுவரை அவனைக் காத்து நின்றவர் ஜாஸ்பர்.

இவ்விரு வரலாறுகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. அரியணை அரசனின் வலிமையால் மட்டும் நிற்பதன்று. அதைத் தாங்கும் தோள்கள் வேறு. அத்தோள்கள் சில வேளைகளில் அரியணையைவிட நெடுங்காலம் நிலைத்தும் விடுகின்றன. சோழப் பேரரசு 1279-ஐ ஒட்டி மறைந்தது. சம்புவராயர் குலத்தாரோ பதினான்காம் நூற்றாண்டில் படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு தனியரசு செலுத்தினர். அவர்களுள் ஒருவரான இராசநாராயணச் சம்புவராயர் காலத்துக் கல்வெட்டும் திருவொற்றியூரில் உண்டு.

மாணவர்களே! அடுத்த முறை அக்கோயிலுக்குச் செல்லும்போது அச்சுவர்களைச் சற்று நின்று பாருங்கள். சோழ மன்னனின் பெயரும் அங்கே இருக்கிறது; அவன் முன்னோர்க்குப் பணிந்து நின்ற குலத்தின் பெயரும் இருக்கிறது. எந்த அரசனின் வெற்றியைப் படித்தாலும், அப்போருக்கு யாருடைய மகன் சென்றான் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அக்கேள்வியை அறிந்தவனே வரலாற்றைப் படித்தவன் ஆவான்.