மூன்று குளிர்காலங்களின் விலை: பிரஸ்ஸல்ஸ் லாம்பிக் பியரின் வரலாறு

பிரஸ்ஸல்ஸ் நகரிலும், அதன் தென்மேற்கே ஸென் ஆற்றை ஒட்டிப் பரந்துள்ள பாயோட்டன்லாந்து என்னும் வேளாண் பகுதியிலும் காய்ச்சப்படும் லாம்பிக் என்ற புளிப்புப் பியரை இன்று பல நாட்டு ரசிகர்கள் தேடி அலைகின்றனர். ஆலை வாசலில் எளிய விலைக்கு விற்ற புட்டி மறுவிற்பனையில் பல மடங்கு விலை பெறுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்போ இதே பியர் வாங்க ஆளின்றிப் பீப்பாய்களில் தேங்கிக் கிடந்தது. முரணாகத் தோன்றும் இவ்விரு நிலைகளுக்கும் வேர் ஒன்றே. லாம்பிக்கைச் செய்யப் பிடிக்கும் காலத்துக்கு உரிய விலை அதைச் செய்தவர் கைக்கு வந்து சேர்ந்தது மிக அரிது.

அந்தக் காலம் எவ்வளவு என்பதை அறியச் செய்முறையைப் பார்க்க வேண்டும். முளைகட்டிய பார்லியோடு குறைந்தது 30 விழுக்காடு முளைகட்டாத கோதுமையைச் சேர்த்து வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் இனிப்புச் சாற்றுடன், ஓரிரு ஆண்டுகள் கிடந்து கசப்பு தணிந்த ஹாப்ஸ் பூக்களை இட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைக்கின்றனர். ஹாப்ஸ் இங்கே சுவைக்காக அல்ல, சாறு கெடாமல் காப்பதற்காகவே சேர்க்கப்படுகிறது. கொதித்த சாறு கூரைக்கடியில் உள்ள அகன்ற, ஆழமற்ற செப்புத் தொட்டியில் கொட்டப்பட்டு, காற்றுத் திறப்புகள் வழியே இரவுக் குளிர் படும்படி விடப்படுகிறது. மற்ற பியர்களில் வளர்த்த ஈஸ்ட்டை அளந்து சேர்ப்பது வழக்கம். லாம்பிக்கில் எவரும் எதையும் சேர்ப்பதில்லை. இட்லி மாவு தானே புளிப்பதுபோல, காற்றிலும் மரத்திலும் வாழும் நுண்ணுயிர்களே சாற்றைப் புளிக்க வைக்கின்றன. காலையில் ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்கு ஆறிய சாறு மரப் பீப்பாய்களுக்கு மாற்றப்படுகிறது. சில நாள்களில் பீப்பாயின் வாய்த் துளை வழியே பழுப்பு நுரை பொங்கி வழிந்து பலகைகளில் காய்ந்து ஒட்டும். அது அடங்கிய பின்பே துளையை அடைப்பார்கள். அதன்பிறகு லாக்டிக் அமிலத்தைத் தரும் பாக்டீரியாக்களும், இந்நகரின் பெயரையே தாங்கிய பிரெட்டனோமைசஸ் பிரக்செல்லென்சிஸ் என்னும் ஈஸ்ட்டும் மாதக்கணக்கில் வேலை செய்கின்றன. கோடையில் கெடுக்கும் கிருமிகள் மிகுந்துவிடுவதால், அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான குளிர்ந்த இரவுகளில் மட்டுமே காய்ச்ச முடியும்.

பீப்பாயில் இருப்பது வெறும் லாம்பிக், அது நுரையற்றது. ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு வயதுடைய லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் அடைத்தால் கிடைப்பது க்யூஸ். இளையதில் மிஞ்சிய சர்க்கரை புட்டிக்குள் மீண்டும் புளித்து வாயுவை உண்டாக்க, முதியது சுவையின் ஆழத்தைத் தருகிறது. அழுத்தம் தாங்குவதற்காக ஷாம்பெய்னுக்குரிய தடித்த புட்டியும் தக்கையும் தேவைப்படுகின்றன. புளிப்புச் செர்ரிகளை ஊறவைத்தால் அது க்ரீக். பிரஸ்ஸல்ஸ் வட்டார வழக்கில் அச்சொல்லுக்கு அந்தப் பழம் என்றே பொருள். ஆக, இன்று விற்கும் ஒரு புட்டி க்யூஸுக்காக மூன்று குளிர்காலங்களுக்கு முன்பே முதலீடு முடங்கியிருக்கிறது. அதற்குள் பீப்பாயின் மரத்தின் வழியே ஒரு பங்கு ஆவியாகியும் போயிருக்கிறது. கேட்பவர் பெருகிவிட்டார்கள் என்பதற்காக மூவாண்டு லாம்பிக்கை அடுத்த மாதமே உண்டாக்க எந்த ஆலையாலும் இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது உழைப்பாளர் குடித்த பானம். லாம்பிக்கில் சர்க்கரை சேர்த்து மலிவாக விற்ற ஃபாரோ என்னும் வகையே பிரஸ்ஸல்ஸின் அன்றாடக் குடியாக இருந்தது. 1864 முதல் 1866 வரை அந்நகரில் தங்கியிருந்த பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் ஃபாரோவைக் கடுமையாக வெறுத்தார். அதை நாறும் ஸென் ஆற்றோடு சேர்த்தே இகழ்ந்தார். அந்த ஆறு நகருக்குள் 1867க்குப் பின் மூடப்பட்டு நிலத்தடிக்குப் போய்விட்டது. நெதர்லாந்து ஆட்சியில் 1822இல் வந்த வரிச் சட்டம், காய்ச்சிய பியரின் அளவுக்கு அன்றி, தானியம் ஊறவைக்கும் தொட்டியின் கொள்ளளவுக்குத் தீர்வை விதித்தது. சிறு தொட்டியில் தானியத்தை விளிம்புவரை அடைத்துச் சாறெடுக்கும் உழைப்பு மிகுந்த முறை லாம்பிக் ஆலைகளில் வேரூன்றியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வர். காய்ச்சுவோரிடமிருந்து பீப்பாய்களை வாங்கித் தம் நிலவறையில் கலந்து புட்டியிலடைத்து விற்ற கலப்பாளர்களும் விடுதிக்காரர்களும் பலர் இருந்தனர். 1900இல் பால் காந்தியோன் ஆண்டர்லெக்ட்டில் தொடங்கிய நிறுவனமும் முதலில் கலப்பகமாகவே இயங்கி, 1930களின் இறுதியில்தான் சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் 3,000க்கும் மேற்பட்ட பியர் ஆலைகள் இருந்தன. முதல் உலகப்போரில் ஜெர்மானியப் படை ஆலைகளின் செப்புக் கலன்களைக் கைப்பற்றிக்கொண்டு போனது. பல ஆலைகள் அதன்பின் எழவே இல்லை. ஆனால் லாம்பிக்குக்கு உண்மையான அடி இரண்டாம் உலகப்போருக்குப் பிறகே விழுந்தது. தெளிந்த லாகர் பியருக்கும் இனிப்புக் குளிர்பானங்களுக்கும் பழகிய நாக்கு புளிப்பை ஒதுக்கியது. பெரிய நிறுவனங்கள் வடிகட்டி, இனிப்பூட்டி, விரைவாக விற்ற பியரின் மீதும் க்யூஸ் என்ற பெயரே ஒட்டப்பட்டது. மூன்றாண்டு காத்த புட்டியும் சில மாதங்களில் வெளிவந்த புட்டியும் ஒரே பெயரில் நிற்கும்போது, வாங்குபவர் மலிவானதை எடுத்ததில் வியப்பில்லை. காத்திருந்தவர்களே ஒவ்வொருவராகக் கடையை மூடினர். இந்த அநீதி ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் நீடித்தது.

எஞ்சியவர்களின் பிடிவாதமே இந்தப் பியரைக் காத்தது. காந்தியோன் குடும்பத்தில் மணம்புரிந்த ழான்-பியேர் வான் ரோய் 1978இல் ஆலையையே க்யூஸ் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார். பியர் விற்காத நாளிலும் பார்வையாளர்கள் வந்தனர். ஃபிராங்க் போன் 1970களில் லெம்பேக்கில் ஒரு பழைய ஆலையை எடுத்து நடத்தத் துணிந்தார். பேர்சல் ஊரின் டெபெல்டர் குடும்பம், மூன்று ஊற்றுகள் எனப் பொருள்படும் த்ரீ ஃபோன்டைனன் என்ற கலப்பகத்தை விடாது நடத்தியது. 1997இல் அர்மான் டெபெல்டர் உள்ளிட்டோர் லாம்பிக் கைவினைஞர்களுக்கான ஹோரால் என்ற சங்கத்தை அமைத்தனர். அதே காலத்தில், பழைமையான என்று பொருள்படும் ‘அவுட’ என்ற அடைமொழியை இனிப்பூட்டாத மரபு க்யூஸுக்கும் க்ரீக்குக்கும் மட்டும் உரியதாக்கிய ஐரோப்பியப் பாதுகாப்பும் கிடைத்தது. காந்தியோன் சங்கத்தில் சேராமல் தனித்தே நின்றது.

மறுவாழ்வு வந்தபின் நெருக்கடி வேறு வடிவம் கொண்டது. 2000க்குப் பின் அமெரிக்கா, ஸ்காண்டினேவியா முதலிய இடங்களின் ரசிகர்கள் இந்தப் புட்டிகளைத் தேடத் தொடங்கினர். ஆண்டுதோறும் சிறிதளவே அடைக்கப்படும் பாதாமி, அவுரிநெல்லி வகைகள் ஆலையை விட்டு வெளிவந்த உடனே கைமாறின. இவற்றைக் காய்ச்சுவோர் தேவைக்கேற்ப விலையை உயர்த்திப் பணம் ஈட்டியிருக்கலாம். ஆனால் ஊர்க்காரர் வாங்க முடியாத பியரை அந்த ஊரின் பியர் என்று சொல்ல முடியாது என்ற எண்ணத்தில், ஆளுக்கு இத்தனை என்று வரம்பு வைத்தனரே அன்றி விலையை அவ்வளவு ஏற்றவில்லை. ஆலை விலைக்கும் மறுவிற்பனை விலைக்கும் இடையே விழுந்த பெரும் இடைவெளியை நிரப்பிக்கொண்டவர்கள் இடைத்தரகர்கள். பீப்பாயைக் கழுவியவருக்கு அதில் ஒரு காசும் இல்லை.

இத்தொழிலில் தவறுக்கு இடமே இல்லை என்பதை 2009 மே மாதம் காட்டியது. அர்மான் டெபெல்டரின் கிடங்கில் வெப்பச் சீராக்கி பழுதாகி வெப்பநிலை தாறுமாறாக ஏற, ஆயிரக்கணக்கான புட்டிகள் வெடித்துச் சிதறின. வெடிக்காத பல பத்தாயிரம் புட்டிகளின் பியரும் வீணானது. ஆண்டுக்கணக்கில் காத்த உழைப்பு ஓரிரவில் போயிற்று. அவர் கெட்ட பியரைச் சாராயமாக வடித்து விற்றார். காய்ச்சும் கலன்களை விட்டுவிட்டு, பிற ஆலைகளின் சாற்றை வாங்கிக் கலக்கும் நிலைக்குச் சில ஆண்டுகள் திரும்பினார். இயற்கையும் இப்போது குறுக்கே நிற்கிறது: 2015 நவம்பரில் இரவுகள் குளிராததால் காந்தியோன் ஆலை காய்ச்சுவதை நிறுத்த வேண்டியதாயிற்று.

மறுவிற்பனைக்காகப் புட்டிகளைப் பதுக்குவதற்கு எதிராகக் காந்தியோன் கண்ட வழிகள் எளியவை. 2011 முதல், ஸ்வான்ஸே என்ற சிறப்புப் பியரைத் தேர்ந்தெடுத்த விடுதிகளுக்கு மட்டும் அனுப்பி, பல நாடுகளில் ஒரே நாளில் திறந்து பரிமாறச் செய்தனர். ஆலையிலோ, அரிய சில வகைகளை வெளியே எடுத்துச் செல்ல விற்பதில்லை. கேட்பவர் அங்கேயே மேசையில் அமர, பணியாளர் தக்கையை உருவிவிட்டே புட்டியைக் கையில் தருகிறார்.