அறுபது புள்ளி வெளிச்சம்

என் வேலையில் அவ்வப்போது எழுதவேண்டிய மின்னஞ்சல் ஒன்று உண்டு: 'இந்தப் பதிப்புக்கு இனி சப்போர்ட் கிடையாது.' ரெண்டே வரி. அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அந்த மென்பொருள் ஒருத்தரோட கண்ணுக்குள்ள இருந்தா என்ன ஆகும்? செகண்ட் சைட் நிறுவனத்தின் கதையைப் படிக்கும்வரை நான் இதை யோசித்ததில்லை.

கதை கேம்பிரிட்ஜில் தொடங்குகிறது. பார்வையிழந்த 52 வயதுப் பெண் ஒருவரின் மூளையில், பார்வைக்கான பகுதியின்மேல் 80 மின்முனைகளைப் பொருத்திய ஆய்வை 1968இல் ஜைல்ஸ் பிரிண்ட்லி வெளியிட்டார். மின்சாரம் தொட்டதும் அந்தப் பெண்ணுக்கு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. கண் வேலை செய்யாவிட்டாலும் வெளிச்சம் சாத்தியம் என்றானது.

அப்படியென்றால் மூளைவரை போகாமல் விழித்திரையிலேயே தூண்டினால் என்ன? ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா நோயில் ஒளியை உணரும் செல்கள் செத்துப்போகும். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நரம்புச் செல்கள் ஓரளவு மிஞ்சும். கேமரா போச்சு, வயர் இருக்கு. மார்க் ஹுமாயூன் போன்றவர்களின் ஆய்விலிருந்து வந்த ஆர்கஸ் கருவி பிடித்துக்கொண்டது அந்த வயரைத்தான். முதல் கருவியில் 16 மின்முனைகள், ஆர்கஸ் இரண்டில் 60. மூக்குக்கண்ணாடியில் கேமரா, இடுப்பில் ஒரு பெட்டி, கண்ணாடியிலிருந்து கம்பியில்லாமல் கண்ணுக்குச் சமிக்ஞை. கதவின் விளிம்பு, சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகள், பெரிய எழுத்துகள் தெரியும். அவ்வளவுதான். பல வருஷ இருட்டுக்குப் பிறகு அது சின்ன விஷயமில்லை.

2011இல் ஐரோப்பாவும் 2013இல் அமெரிக்காவும் அனுமதித்தன. கருவியின் விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர். உலகம் முழுக்க 350க்கும் மேற்பட்டோர் பொருத்திக்கொண்டார்கள். 2019இல் நிறுவனம் தயாரிப்பை நிறுத்தியது. 2020இல் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது. பெட்டி பழுதானால் சரிபார்க்க ஆளில்லை. உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியிருந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்கக்கூட யாரும் கிடைக்கவில்லை. கருவியை வெளியே எடுப்பதும் இன்னொரு அறுவைசிகிச்சை. இதையெல்லாம் 2022இல் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் இதழ் வெளிக்கொண்டு வந்தது.

பிரைமா என்ற புதிய சில்லு இப்போது வந்திருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் அகலம், 378 புள்ளிகள். வயதானோரின் மாக்குலா சிதைவுக்கு 38 பேருக்குப் பொருத்திப் பார்த்த ஆய்வு 2025இல் வெளியானது. ஓராண்டு தொடர்ந்தவர்களில் பெரும்பாலானோரால் எழுத்துகளை வாசிக்க முடிந்தது. நல்ல செய்திதான். ஆனால் அதை உருவாக்கிய பிக்ஸியம் நிறுவனமும் நொடித்து, 2024இல் இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனது.

ஒரு வங்கி எங்களிடம் மென்பொருள் வாங்கினால், நாங்கள் மூடிவிட்டுப் போனாலும் சோர்ஸ் கோட் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளும். எஸ்க்ரோ என்போம். அதை மூன்றாமவர் ஒருவர் பத்திரமாக வைத்திருப்பார். வங்கிக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு கண்ணுக்குள் கருவி வைத்துக்கொண்டவருக்கும் வேண்டாமா? வரைபடம், கோட், உதிரி பாகங்கள் எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகுதான் அனுமதி என்று ஒரு விதி போடுவதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை.

அந்த ரெண்டு வரி மின்னஞ்சலை நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போதெல்லாம் அனுப்புவதற்கு முன், இன்னும் எத்தனை பேர் அந்தப் பதிப்பில் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கிறேன்.